நாய்க்கும் குலம் கேட்கலாமா?



இல்லறத்தில் சில வினாக்கள் மிகச் சிறியவை போலத் தோன்றும். அவற்றை எடுத்து ஆராயும்போதுதான் நம் விரதங்கள் எல்லாம் அவற்றோடு பின்னிக் கிடப்பது தெரியவரும். அத்தகைய வினா ஒன்று சென்ற ஆண்டு எங்கள் இல்லத்தில் எழுந்தது. 'வீட்டிற்கு இரண்டாவதாக ஒரு நாய் வேண்டும். அஃது எந்த இனமாக இருக்கலாம்?' என்பதே அவ்வினா.

நாங்கள் வந்தவாசிப் பகுதியைச் சேர்ந்தவர்கள். பணியின் பொருட்டு நாகர்கோவிலுக்கு வந்து, ஓய்வு பெற்ற பின்னும் நாஞ்சில் நாட்டை விட்டுப் பிரிய மனமின்றி இங்கேயே தங்கிவிட்டோம். பதினோர் ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழையில் நனைந்து நடுங்கிய நாட்டு நாய்க்குட்டி ஒன்றை என் மகள் தெருவோர ஓடையிலிருந்து தூக்கி வந்தாள். அதன் இனம் யாது என்று அன்று எவரும் கேட்கவில்லை. அது குளிரால் வாடுகிறது, பசியால் வாடுகிறது என்ற இரண்டு செய்திகளே எங்களுக்குப் போதுமானவையாக இருந்தன. மணி என்று பெயரிட்டு வளர்த்தோம். இன்று அதன் முகம் நரைத்துவிட்டது. ஒரு கண்ணில் புரை படர்ந்துள்ளது.

மணிக்கு ஒரு துணை வேண்டும் என்று பிள்ளைகள் விரும்பினர். விருப்பம் எழுந்தவுடனே இனப் பெயர்களும் வரிசையாக வந்தன. மகள் லாப்ரடார் என்றாள். பேரன் சைபீரியன் ஹஸ்கி என்றான். என் மைத்துனரோ, "நம் மண்ணின் இராசபாளையம் இருக்க, அயல்நாட்டு நாய் எதற்கு?" என்றார். உண்மையைச் சொல்வதானால், என் உள்ளமும் இராசபாளையத்தின் பக்கமே சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வு எதனால் வந்தது என்று ஆராய்ந்ததன் பயனே இக்கட்டுரை.

முதற்கண், சிராவகர் இல்லத்தில் நாய் வளர்க்கலாமா என்பதையே கேட்டாக வேண்டும். கூடாது என்பர் நம் பெரியோருள் சிலர். அக்கூற்றுக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஊன் தின்னும் விலங்குகளைப் பேணி வளர்ப்பதைப் பயனில் தீச்செயல்களாகிய அனர்த்த தண்டத்துள் வைத்து எச்சரிக்கும் ஒழுக்க நூல்கள் நம்மிடம் உண்டு. தான் கொல்லாதவன், கொல்லும் ஒன்றை ஊட்டி வளர்த்து ஏவினால் அவனுடைய அறம் எங்கே நிற்கும்? தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பரர் ஆலயத்தை ஒட்டிய பறவை மருத்துவமனையை நம்மிற் பலர் கண்டிருக்கலாம். தானியமும் கனியும் உண்ணும் பறவைகளை அங்கே உள்ளே தங்கவைத்துப் பேணுவர். பருந்து முதலிய ஊனுண்ணிகளுக்கு மருத்துவம் செய்வர். ஆனால் உடன் தங்கவைப்பதில்லை. மறுக்கவும் முடியாமல், முழுதும் ஏற்கவும் முடியாமல் நம் முன்னோர் கண்ட நடுவழி அது.

ஆயினும் நம் மரபு நாயைப் பற்றிய வேறொரு காட்சியையும் தந்துள்ளது. சீவக சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தில், அந்தணர்க்குரிய சோற்றைத் தீண்டிய நாய் ஒன்று அடிபட்டு உயிர் போகும் நிலையில் துடிக்கிறது. சீவகன் அதன் அருகே சென்று ஐம்பத மந்திரத்தை அதன் செவியில் ஓதுகின்றான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னர்ச் சீவகனுக்கே உற்ற துணையாகிறது. சீவகன் அந்த நாயைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதனிடம் ஒரு பயனையும் எதிர்பார்க்கவில்லை. துன்பம் கண்டான், அருகே சென்றான். ஏவலுக்காக ஒரு விலங்கை வளர்ப்பது ஒன்று. துன்புறும் விலங்கிற்கு அடைக்கலம் தருவது மற்றொன்று. முன்னதை நூல்கள் விலக்குகின்றன. பின்னது நால்வகைத் தானங்களுள் அபயதானத்தின் பாற்படும்.

இனி, இனங்களைப் பற்றிப் பார்ப்போம். தமிழகத்தில் பெயர் பெற்ற நாட்டு நாய் இனங்கள் இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என நான்கு. இவற்றுள் இராசபாளையத்திற்கு இந்திய அஞ்சல் துறை 2005 ஜனவரி 9 அன்று அஞ்சல்தலையே வெளியிட்டது. அயலினங்களின் மோகத்தால் இவை அருகிவிட்டன. இவற்றைக் காப்பது நம் கடமை என்பது என் மைத்துனரின் வாதம். அதில் நியாயம் உண்டு. நம் வெயிலையும் மழையையும் தாங்கிப் பல தலைமுறைகளாக வாழ்ந்த உயிர்கள் இவை. தோட்டமும் உழைப்பும் நேரமும் உடைய ஒருவர் இவ்வினங்களைப் பொறுப்போடு பேணுவாரானால் அவரைக் குறை கூற நான் துணியேன்.

ஆனால் இந்த நான்கு இனங்களும் எதற்காக உருவாக்கப்பட்டவை என்பதை மறக்கலாகாது. சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் வெளியில் முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிப்பதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஒடுங்கிய வயிறும் நீண்ட கால்களும் அந்த ஓட்டத்திற்காகவே அமைந்தன. இராசபாளையமும் கோம்பையும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பயன்பட்டவை. மனிதன் தன் வேட்டை விருப்பத்தைப் பல தலைமுறைகளாக அவ்வுயிர்களின் குருதியில் எழுதி வைத்திருக்கின்றான். அவை துரத்தினால் அது அவற்றின் குற்றமாகாது. எங்கள் வீட்டின் பின்புறம் வயல். அதில் கீரியும் கொக்கும் உண்டு. அண்டை வீட்டில் கோழிகள் திரிகின்றன. "ஓடுவதற்கென்றே பிறந்த உயிரை நம் சிறு முற்றத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? அவிழ்த்துவிட்டால் அது கொல்லும், கட்டிவைத்தால் அதைக் கொல்வோம்" என்றார் என் மனைவி. அதற்கு என்னிடம் விடை இல்லை.

விடை இல்லாதபோதும் ஆசை விடவில்லை. அறிந்தவர் ஒருவர் வழியாக, குட்டிகளை விற்கும் ஓர் இடத்திற்குச் சென்று முன்பணமும் கொடுத்தேன். குட்டிகள் பால் போல் வெண்மையாக இருந்தன. தாயைப் பார்க்க வேண்டும் என்றேன். சற்றுத் தயங்கிப் பின்கட்டிற்கு அழைத்துச் சென்றனர். மூன்று முழச் சங்கிலியில் அந்தத் தாய் நின்றிருந்தது. அதன் மடி தளர்ந்து தொங்கியது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். எத்தனையாவது ஈற்று என்று கேட்டதற்குத் தெளிவான மறுமொழி கிடைக்கவில்லை. என்னைக் கண்டு அது குரைக்கவில்லை. வாலை மட்டும் ஒருமுறை அசைத்தது.

செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படல் என வினை மூவகையால் வந்து சேரும் என்று சிறுவயது முதல் கேட்டு வந்தவன் நான். அந்தச் சங்கிலியை நான் கட்டவில்லை. ஆனால் நான் கொடுக்கும் பணம் அடுத்த ஈற்றுக்கும் அதே சங்கிலிக்கும் கூலியாகும். அப்படியானால் நான் செய்விப்பவன். குறைந்த அளவு, உடன்படுபவன். முன்பணத்தை விட்டுவிட்டுத் திரும்பினேன். 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள், நாய்களை இனம்பெருக்கி விற்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும் என்றும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்றும் கூறுகின்றன. நாயை விலைக்கு வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள் அந்தப் பதிவையும் கேட்க வேண்டும். தாயையும் கண்ணால் காண வேண்டும். தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் வாங்குவது அறமாகாது.

பேரன் கேட்ட ஹஸ்கியைப் பற்றியும் ஒரு சொல். பனி உறைந்த சைபீரிய நிலத்தில் வண்டி இழுக்கப் பழகிய, இரட்டை அடுக்கு உரோமமுள்ள நாய் அது. கடற்காற்றும் புழுக்கமும் நிறைந்த நம் மாவட்டத்தில் அதற்கு ஒவ்வொரு கோடையும் ஒரு தண்டனை. தமிழக அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்திற்கு ஒவ்வாத 11 அயலினங்களை இங்கே இனம்பெருக்கத் தடை கூறியது. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, பக் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. விளம்பரங்களில் கண்டு நாம் கொஞ்சிய பக் நாயின் தட்டை முகம் மனிதன் அழகென்று எண்ணி உண்டாக்கியது. அந்த அழகின் விலையை அந்த நாய் ஒவ்வொரு மூச்சிலும் குறட்டையாகவும் திணறலாகவும் செலுத்துகிறது. நம் இராசபாளையமும் இதற்கு விலக்கன்று. தூய வெண்மை வேண்டியும், நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்தும் வந்தமையால் அவ்வினத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. கண்ணுக்கு இன்பம் வேண்டி ஓர் உயிரின் மூச்சையும் செவியையும் குறைத்தோம் என்றால், அதற்கு நாம் என்ன பெயர் இடுவது?

இங்கேதான் என் சாய்வின் வேர் எனக்குப் புலப்பட்டது. நற்காட்சிக்குத் தடையாக நிற்கும் எண்வகைச் செருக்குகளை நம் நூல்கள் எண்ணிக் காட்டுகின்றன. குலச்செருக்கும் சாதிச்செருக்கும் அவற்றுள் அடங்கும். 'என் குலம் உயர்ந்தது' என்று நாம் வாய்விட்டுச் சொல்ல இன்று கூசுகிறோம். ஆனால் 'என் நாய் உயர்ந்த சாதி. அதற்குக் குலச் சான்றிதழ் உண்டு' என்று கூசாமல் சொல்கிறோம். வாயிலில் வெண்ணிற நாய் நிமிர்ந்து நிற்க வேண்டும், தெருவில் போவோர் நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசையே என்னைப் பற்றியிருந்தது. என் செருக்கிற்கு நான்கு கால்கள் தேடினேன், அவ்வளவே.

குலத்தைக் கொண்டு குணத்தை அறியலாம் என்பதும் ஓரளவே உண்மை. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டி, 2022-ல் 'சயின்ஸ்' இதழில் அறிஞர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டனர். நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டையே இனம் விளக்குகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. உடலின் அளவு, உரோமம், மூக்கு, கால் ஆகியவற்றில் இனம் பெரிதும் பேசும். துரத்தும் இயல்பு போன்ற சிலவற்றிலும் அதன் பங்கு உண்டு. ஆயின், ஒரு குறிப்பிட்ட நாய் அன்பாயிருக்குமா, அமைதியாயிருக்குமா என்பதை இனப் பெயர் மட்டும் சொல்லிவிடாது.

யசோதர காவியத்தைப் படித்தோர்க்கு இதில் வியப்பு இராது. மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட வினையால், அரசன் மயிலாகவும் அவன் தாய் நாயாகவும் பிறந்து, தம் சொந்த அரண்மனைக்கே வந்து சேர்கின்றனர். அந்த நாய் அந்த மயிலைக் கொல்கிறது. தாய் மகனை அறியவில்லை. அரண்மனையில் இருந்தோர் இருவரையும் அறியவில்லை. நாற்கதியில் சுழலும் உயிர் இன்று எந்த உடலில் இருக்கிறது என்பதை யார் அறிவார்? வாயிலில் வந்து நிற்கும் நாயிடம் குலம் கேட்பதற்கு முன், இந்தக் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் எதைக் கேட்பது? கொல்லாமை அணுவிரதத்திற்குரிய ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகை பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. நாய் வளர்க்கும் இல்லத்திற்கென்றே எழுதியவை போல இவை அமைந்துள்ளன. பகலெல்லாம் சங்கிலியில் வைக்காமல் நடக்கவிட நம்மிடம் இடமும் நேரமும் உண்டா? பழக்கும்போது கைத்தடியைத் தேடாத பொறுமை உண்டா? அழகுக்காகக் காதையும் வாலையும் வெட்டிய நாயை விரும்பாமல் இருப்போமா? வீட்டிற்குக் காவல், பிள்ளைக்குத் தோழமை, முதியோர்க்குத் துணை என அதன் தாங்கும் அளவிற்கு மேல் பாரம் ஏற்றாமல் இருப்போமா? இறுதியாக, உணவு?

உணவைப் பற்றி மறைக்காமல் பேச வேண்டும். பூனைக்கு ஊன் இன்றியமையாதது. நாய் அத்தகையதன்று, ஓநாயை விட மாவுப்பொருளை நன்கு செரிக்கும் ஆற்றலை அதன் மரபணுக்கள் பெற்றுள்ளன என்பதை 2013-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. மணி பதினோர் ஆண்டுகளாகச் சோறும் பருப்பும் தயிரும், கால்நடை மருத்துவர் கூறிய சத்து மருந்துகளும் உண்டே வாழ்கிறது. நாம் விலக்கும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் தீங்கு செய்பவை, திராட்சையும் ஆகாது. ஆனால் எல்லா நாய்க்கும் இது பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய உடலுடைய இனங்களின் குட்டிகளுக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அளவறிந்து தர வேண்டும். நம் விரதத்தைக் காப்பதற்காக அதன் உடலை மெலியவிட்டால், அதுவும் ஐந்தாம் குற்றத்தின் பாற்பட்டதே. ஊனின்றி வளர்க்க இயலாது என மருத்துவர் கூறும் ஓர் உயிரை நாமாகத் தேடிச் சென்று வாங்காமல் இருப்பதே நேர்மை.

கருத்தடையைப் பற்றியும் வினா எழும். அஃது உறுப்பறுத்தல் ஆகாதா? நானும் பல நாள் தயங்கினேன். ஆசையும் வெகுளியும் அசட்டையும் தூண்ட உயிர்க்குத் தீங்கு செய்வதே இம்சை என்று அதே சூத்திரம் வரையறுக்கிறது. நம் வசதிக்காகவும் அழகுக்காகவும் வெட்டுவது அவ்வகையைச் சேரும். ஆண்டுதோறும் பிறந்து, சாலையில் நசுங்கும் குட்டிகளைத் தடுக்க, வலி தெரியாமல் மருத்துவர் செய்யும் அறுவையை நான் அவ்வாறு கொள்ளவில்லை. குட்டிகள் பிறக்கவிட்டுத் தெருவில் விடுவது பெருங்கொடுமை. இதில் மாறுபட்ட கருத்துடையோர் இருப்பர். அவர்கள் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

இனி, 'இரண்டாவது' என்ற சொல்லைக் கவனியுங்கள். மிகுபொருள் விரும்பாமை விரதத்தில் வரையறுக்க வேண்டிய புறப்பற்றுகளுள் நாற்கால் உயிர்களையும் நம் முன்னோர் சேர்த்தனர். ஓர் உயிரை ஏற்பது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் காக்க வேண்டிய ஒரு விரதம். முதல் விரதம் நிறைவேறாமல் இரண்டாவதை ஏற்கலாமா? மணிக்குத் துணை என்று நாங்கள் சொன்னோம். மணி துணை கேட்டதா? உண்மையில், மணி இல்லாமற்போகும் நாளின் வெறுமைக்கு முன்கூட்டியே மருந்து தேடினோம். முதிர்ந்த நாய்க்கு வேண்டியது அதன் மூலையும், அதன் தட்டும், நம் கைகளுமே. துள்ளும் குட்டி ஒன்று அவற்றைப் பறித்துக்கொள்ளுமானால் அந்தத் துணை அதற்குத் துன்பம்.

இந்தக் குழப்பங்களோடு ஒரு நாள் சிதறால் மலைக்குச் சென்றேன். திருச்சாரணத்து மலை என்று பழங்காலத்தில் வழங்கிய அக்குன்றில், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களின் முன் அமர்ந்திருந்தேன். நாகர்கோவில் நாகராசர் கோயிலின் தூண்களிலும் பார்சுவநாதர் உருவம் உண்டு என்பதை வாசகர் அறிவர். எரியும் கட்டையினுள் சிக்கிய நாகங்களை இரங்கிக் காத்து, மந்திரம் கேட்பித்த வரலாறு அப்பெருமானுடையது. நச்சுயிர் என்று அவர் விலகவில்லை. அருளுக்கு முன் தெரிவது துன்பம் ஒன்றே, குலம் தெரிவதில்லை. வீட்டிற்குத் திரும்பியதும், நாய் தேடுவதை நிறுத்திவிடுவோம் என்றேன். தேவை நம் வாயிலுக்கு வந்தால் அப்போது பார்ப்போம் என்று எல்லோரும் இசைந்தனர். பேரனுக்கு மட்டும் மனக்குறை.

ஐந்து மாதம் சென்றது. அடுத்த தெருவில் கட்டி முடியாத வீடொன்றின் மணற்குவியலில் ஈன்றிருந்த நாய் வண்டியில் அடிபட்டு இறந்தது. மூன்று குட்டிகளுள் இரண்டைப் பிறர் எடுத்துக்கொண்டனர். எஞ்சியது பழுப்பு நிறப் பெண் குட்டி. ஒரு காது மடிந்திருந்தது. பெண் என்பதால் எவரும் விரும்பவில்லை. மருத்துவரைக் கேட்டோம். மணி ஆண் ஆதலால் பெண் குட்டியோடு ஒத்துப்போக வாய்ப்பு மிகுதி என்றார். முதலில் இரண்டையும் வீட்டிற்கு வெளியே பொது இடத்தில் சந்திக்கச் செய்யுங்கள், தட்டுகளைத் தனித்தனியே வையுங்கள், மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள், தக்க பருவத்தில் கருத்தடை செய்யுங்கள் என்றார். அவ்வாறே செய்தோம். மணி நான்கு நாட்கள் உறுமியது. அதன் மூலையைக் குட்டி நெருங்காமல் பலகை வைத்துத் தடுத்தோம். இப்போது மாலையில் இரண்டும் ஒரே திண்ணையில் படுத்திருக்கின்றன. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அல்ல, ஒரு முழம் தள்ளி.

"தாத்தா, இது என்ன இனம் என்று நண்பர்கள் கேட்டால் என்ன சொல்வது?" என்றான் பேரன்.

"ஐயறிவுடைய உயிர் என்று சொல்" என்றேன். அவன் சிரித்தான், எனினும் அவ்வாறே சொல்லி வருகிறான்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் இவ்வினா எழலாம். எவ்வினம் சிறந்தது என்று கேட்பதற்கு முன், எவ்வுயிர்க்கு நம்மால் ஐந்து குற்றமும் நேராமல் பன்னிரண்டு ஆண்டுகள் காவலாக இருக்க இயலும் என்று கேளுங்கள். விடை ஒரு நாட்டு நாயாக இருக்கலாம். பிறரால் கைவிடப்பட்ட உயரினமாகவும் இருக்கலாம். சில இல்லங்களுக்கு, இப்போது வேண்டாம் என்பதே அறத்திற்கு இசைந்த விடையாகும்.

எவ்வுயிரும் இன்புறுக! அருகன் அறம் ஓங்குக!